மூளைக்குள் சுழலும் திருகு

‘பிபி எகிறி அப்பாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது. மண்டையைத் திறக்காமல் துளை போட்டே எடுத்துவிடலாம் என்கிறார்களே, நிஜமா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகர்.

நிஜம்தான். ஆனால் துளை போடுவதைவிட ரத்தத்தை வெளியே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. கசிந்த ரத்தம் சீக்கிரமே உறைந்துவிடும். மெல்லிய குழாயால் உறிஞ்சினால் அடைத்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டினால் பக்கத்திலிருக்கும் நல்ல திசுவும் சேர்ந்து வந்துவிடும்.

இதற்கு 1978-இல் ஸ்வீடன் மருத்துவர்கள் பாக்லுண்டும் ஃபான் ஹோல்ஸ்ட்டும் கண்ட வழியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். பழங்காலத்தில் தண்ணீர் இறைத்த ஆர்க்கிமிடீஸ் திருகைச் சின்னதாக்கிக் குழாய்க்குள் வைத்துவிட்டார்கள்! எங்கள் ஊர் ரைஸ் மில்லில் தவிட்டைத் தள்ளிக்கொண்டுபோகும் திருகு இருக்கிறதே, அதே ஜாதி. லேசாக உறிஞ்சினால் கட்டி குழாய்க்குள் எட்டிப் பார்க்கும். சுழலும் திருகு அதை நறுக்கி மேலேற்றிவிடும். குழாய்க்கு வெளியே திருகு வராததால் மூளைக்குச் சேதமில்லை.

பிறகு கட்டியை மருந்தால் கரைக்கும் முறை வந்தது. மிஸ்டி-3 என்ற ஆய்வில் சுமார் 500 நோயாளிகள். பாதிப்பேருக்குக் கட்டிக்குள் குழாயை விட்டு, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் ஆல்டிபிளேஸ் செலுத்தினார்கள். 2019-இல் வந்த முடிவில், நோயாளிகள் எழுந்து நடமாடுவதில் மொத்தமாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கட்டி 15 மில்லிலிட்டருக்குள் சுருங்கியவர்கள் மட்டும் ஓரளவு தேறியிருந்தார்கள். 2024-இல் வெளியான அமெரிக்காவின் என்ரிச் ஆய்வில், மூளை மடிப்புகளின் இடுக்கு வழியாகக் குழாயை இறக்கி, 24 மணி நேரத்துக்குள் ரத்தத்தை எடுத்தார்கள். மேற்பகுதிக் கசிவுக்கு நல்ல பலன். ஆழத்தில் கசிந்தவர்களுக்குப் பலன் நிரூபணமாகவில்லை.

பிபி பெரும்பாலும் கைவைப்பது அந்த ஆழத்தில்தான். பெரிய தமனியிலிருந்து நேரே கிளைக்கும் நூல் போன்ற நாளங்கள் அங்கே வருஷக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கி நைந்துபோகின்றன. ஆகவே வாசகர் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: கசிவு எந்த இடத்தில், எத்தனை மில்லிலிட்டர்?

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பிபி நார்மலாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்துகிறோமே, அதை நார்மலாக வைத்திருந்ததே அந்த மாத்திரைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. தலை சுற்றட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்; பிபி பலருக்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.