என்ஜினை இறுகப் பிடி, ஆடவும் விடு!

வீட்டுக் காரின் பானட்டைத் திறந்துவிட்டு, அப்பாவையோ அம்மாவையோ ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக்கும் இழுத்திருக்கட்டும். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நில்லுங்கள். அவர் எக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்து விடும்போது என்ஜினை மட்டும் கவனியுங்கள். அந்தக் கனமான இரும்புப் பொருள் ஒரு பக்கமாகத் துள்ளிச் சாய்ந்து, மறுபடி தன் இடத்துக்கு வரும்.

என்ஜின் காரின் உடலோடு நேரடியாக முடுக்கப்படவில்லை. மூன்று நான்கு ரப்பர்த் துண்டுகளின்மேல் அது உட்கார்ந்திருக்கிறது. பட்டறைகளில் இவற்றை ‘என்ஜின் மவுண்டிங்’ என்பார்கள். ரப்பரின் இரு பக்கமும் இரும்புத் தகடுகள் ஒட்டியிருக்கும். ஒரு தகடு என்ஜினோடும் மற்றொன்று காரின் சட்டத்தோடும் போல்ட்டால் பிணைக்கப்படும். குதிரைத் திறனைப் பற்றிப் பெருமையடிப்பவர்கள் உண்டு; மவுண்டிங்கைப் பற்றிப் பெருமையடித்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறொரு என்ஜினைப் பொருத்தும்போது அந்த வேலை தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்வது இந்தத் துண்டுதான்.

இங்கிலாந்தின் எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். 1962-இல் வெளிவந்தது. 1,798 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இரும்பு என்ஜின். அழகான கார், ஆனால் வேகம் போதவில்லை என்று பலருக்கும் மனக்குறை. 1967-இல் ஆறு சிலிண்டர் என்ஜினோடு எம்ஜிசி என்ற கார் வந்தது. அந்த என்ஜின் பழையதைவிட 90 கிலோவுக்கு மேல் கனம். மூக்கு கனத்ததால் வளைவுகளில் கார் சொன்னபடி திரும்பவில்லை என்று விமர்சகர்கள் குறை கூறினர். இரண்டே ஆண்டுகளில் உற்பத்தி நின்றது.

பிறகு 1970 வாக்கில் கென் காஸ்டெல்லோ என்ற ஆங்கிலேயர் எம்ஜிபி காருக்குள் ரோவர் நிறுவனத்தின் வி8 என்ஜினைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். எட்டு சிலிண்டர், 3,528 சிசி. ஆனாலும் அது அலுமினியத்தால் ஆனது என்பதால் எடை கிட்டத்தட்ட பழைய நான்கு சிலிண்டர் என்ஜின் அளவுதான்! காரைத் தயாரித்த பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனமே 1973-இல் எம்ஜிபி ஜிடி வி8 என்ற காரை வெளியிட்டது. 1976 வரை 2,591 கார்கள் தயாராயின. இன்றும் பழைய எம்ஜிபி வைத்திருப்பவர்கள் பலர் இதே மாற்றத்தைச் செய்துகொள்கிறார்கள்.

எடை ஒத்துப்போனாலும் வடிவம் ஒத்துப்போகாது. பழைய மவுண்டிங் துளைகள் புதிய என்ஜினுக்குப் பொருந்தா. அப்படியானால் முதலில் மவுண்டிங்கைச் செய்துவிட்டு அதன்மேல் என்ஜினை வைக்கலாமா? அனுபவமில்லாதவர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். சரியான முறை தலைகீழானது. முதலில் என்ஜின் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்தில் அதைத் தாங்க என்ன வேண்டுமோ அதைப் பிறகு செய்ய வேண்டும்.

இதற்காக, உள்பாகங்களைக் கழற்றிய வெற்று என்ஜினைக் கியர்பாக்ஸோடு சேர்த்துச் சங்கிலியில் தொங்கவிட்டு, காருக்குள் இறக்குவார்கள். கீழே எண்ணெய்த் தொட்டி, முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் இடிக்கக் கூடாது. பக்கவாட்டில் புகைக்குழாய், ஸ்டீயரிங் தண்டை உரசக் கூடாது. வி8 என்ஜினில் இரு பக்கமும் புகைக்குழாய் இருப்பதால் இதுதான் பெரிய தலைவலி. மேலே பானட் மூட வேண்டும். காஸ்டெல்லோ பானட்டில் ஒரு புடைப்பு வைத்துச் சமாளித்தார். தொழிற்சாலையோ கார்புரேட்டர்களைப் பின்னுக்குத் தள்ளிப் புடைப்பே இல்லாமல் செய்தது. 1964-இல் வந்த சன்பீம் டைகர் என்ற இன்னொரு காரில் ஃபோர்ட் வி8 என்ஜினை எவ்வளவு நெருக்கமாகத் திணித்தார்கள் தெரியுமா? ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, காருக்குள்ளே உட்கார்ந்து தடுப்புத் தகட்டில் உள்ள துளை வழியாகக் கையை விட வேண்டும்.

இடம் கிடைத்தால் மட்டும் போதாது. சாய்வும் சரியாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது ஒரு நீண்ட தண்டு. அதன் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட் என்ற மூட்டு இருக்கிறது. இந்த மூட்டுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. மடங்கிய நிலையில் ஒரு பக்கத்தைச் சீரான வேகத்தில் சுழற்றினாலும், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்தும் இரண்டு முறை தயங்கியும் சுழலும். முன்மூட்டு செய்யும் இந்தக் குளறுபடியைப் பின்மூட்டு அதே கோணத்தில் மடங்கியிருந்தால் சரிசெய்துவிடும். எனவே கியர்பாக்ஸ் தண்டும் பின் அச்சுப் பெட்டியின் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். என்ஜினின் பின்பகுதியைக் கொஞ்சம் அதிகமாகத் தாழ்த்திவிட்டால், நெடுஞ்சாலையில் கார் முழுவதும் நடுங்கும். டயரை மாற்றினாலும் அது தீராது.

எல்லாம் சரியானதும் கட்டைகளை அண்டைக் கொடுத்து என்ஜினை அசையாமல் நிறுத்துவார்கள். என்ஜினுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளிக்கு ஏற்ப அட்டையை வெட்டி அச்சு எடுத்து, அதன்படி இரும்புத் தகட்டை வெட்டுவார்கள். பொட்டு வைத்ததுபோல் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வெல்டிங். மறுபடி எல்லாவற்றையும் அளந்து பார்த்த பிறகே முழு வெல்டிங்.

இனி, அந்த மவுண்டிங் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எம்ஜிபி ஜிடி வி8 என்ஜினின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 262 நியூட்டன் மீட்டர். முதல் கியர் இதை 3.1 மடங்காக்கும். ஆக 812. நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து பின்தண்டை ஒரு திசையில் முறுக்கினால், அதே அளவு முறுக்கு அவற்றை எதிர்த்திசையில் புரட்டப் பார்க்கும். இடது, வலது மவுண்டிங்குகளுக்கு இடையே 0.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 812-ஐ 0.4-ஆல் வகுக்க, 2,030 நியூட்டன். அதாவது சுமார் 200 கிலோ எடைக்குச் சமமான விசை! வலப்பக்க மவுண்டிங் கீழே அமுங்கும். இடப்பக்க மவுண்டிங் மேலே இழுபடும். என்ஜினின் எடையில் இடப்பக்கம் தாங்குவது ஏறக்குறைய 70 கிலோதான் என்றால், மீதி 130 கிலோ விசை ரப்பரைத் தகட்டிலிருந்து பிய்த்தெடுக்கப் பார்க்கும்.

அப்படிப் பிய்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பார்த்துவிட்டது. 1960களில் தயாரான செவர்லே கார்கள் பலவற்றில் மவுண்டிங்கின் ரப்பர் பிய்ந்தது. முடுக்கும்போது என்ஜினின் ஒரு பக்கம் எழும்ப, அது எக்ஸிலேட்டர் இணைப்பையும் சேர்த்து இழுத்தது. ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் கார் சீறிக்கொண்டு ஓடியது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 67 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. தீர்வு என்ன தெரியுமா? என்ஜின் எழும்பாமல் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கம்பிவடம்! என்ஜின் மாற்றுபவர்கள் இன்று ரப்பர் பிய்ந்தாலும் இரும்போடு இரும்பு கோத்து நிற்கும்படியான மவுண்டிங்கைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

“ரப்பரே வேண்டாம், இரும்பால் இறுக்கிவிடலாமே” என்று நீங்கள் கேட்கலாம். பந்தயக் கார்களில் அப்படிச் செய்வதுண்டு. சாலையில் ஓடும் காரில் செய்தால், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியாத அளவுக்கு எல்லாம் அதிரும். நாளடைவில் சட்டத்திலும் விரிசல் விழலாம்.

ரப்பர்மேல் உள்ள என்ஜின் ஸ்பிரிங்கில் தொங்கும் குண்டு போன்றது. அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு; 10 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். என்ஜினின் துடிப்பும் அதே 10 ஹெர்ட்ஸில் வந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஆட்டம் பெருகும். துடிப்பு இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேல் போனால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 750 சுற்று வேகத்தில், நான்கு சிலிண்டர் என்ஜின் விநாடிக்கு 25 முறை வெடிக்கும். எட்டு சிலிண்டர் 50 முறை. வி8-க்கு முறுக்கு அதிகம் என்பதால் கெட்டியான ரப்பர் தேவை. கெட்டியான ரப்பரின் இயல்பு அதிர்வெண் உயரும். ஆனால் வி8-இன் துடிப்பும் உயர்ந்திருப்பதால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. இயற்பியல் இப்படிக் கருணை காட்டுவது அபூர்வம்.

மவுண்டிங்குக்கு இன்றும் பெரும்பாலும் இயற்கை ரப்பரையே விரும்புகிறார்கள். இலட்சக்கணக்கான முறை நசுங்கி மீண்டாலும் அது எளிதில் விரிசல் விடாது. எம்ஜிபி வெளிவந்த காலத்தில் உலகிலேயே அதிகமாக இயற்கை ரப்பரைத் தந்த நாடு மலாயா; தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் நம்மவர்கள் ஏராளம். இயற்கை ரப்பரின் எதிரிகள் எண்ணெயும் வெப்பமும். வி8-இல் புகைக்குழாய் மவுண்டிங்குக்குப் பக்கத்திலேயே போவதால், நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வைப்பது நல்லது.

நம் நாட்டில் என்ஜினை மாற்ற ஜேபிஜே அனுமதியும் வாகனப் பரிசோதனையும் வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கும் என்ஜினுக்கும் காரின் உடலுக்கும் இடையே தடித்த செப்புப் பட்டை ஒன்றைப் பொருத்த வேண்டும். அதை மறந்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தேவையான பெரும் மின்னோட்டம் வேறு வழி தேடும். கண்ணில் படுவது எக்ஸிலேட்டரின் மெல்லிய கம்பிவடமாக இருந்தால், அது சிவந்து புகையத் தொடங்கும்.