பழைய மாருதி 800 காரில் மோட்டார் சைக்கிள் என்ஜின்: சட்டம் சொல்வது என்ன?

1983-ஆம் ஆண்டு டிசம்பரில் அறிமுகமான மாருதி 800 போன்ற எடை குறைந்த பழைய கார்களில் மோட்டார் சைக்கிள் என்ஜினைப் பொருத்த ஆர்வலர்கள் சிலர் விரும்புவதுண்டு. குறைந்த எடை, அதிவேகச் சுழற்சி, என்ஜினுடனேயே இணைந்த கியர்பாக்ஸ் ஆகியவை இதற்குக் காரணங்கள்.

எனினும், பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் ரிவர்ஸ் கியர் கிடையாது. இருசக்கர வாகனத்துக்கென வடிவமைக்கப்பட்ட கிளட்ச், காரின் கூடுதல் சுமையால் விரைவில் தேய்ந்துவிடும்.

சட்டரீதியான தடையும் உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழ் விவரங்கள் தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. உச்சநீதிமன்றமும் இதை 2019 ஜனவரியில் உறுதிசெய்தது.

அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி, விதியை மீறும் உரிமையாளருக்கு 6 மாதங்கள் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். எனவே, என்ஜினை மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுவது அவசியம்.