வேலையை விடுவது ஏன்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும் நம் பெண்களில் சிலர் சில மாதங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். பிறகு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு நம்மிடம் மனு வருகிறது. “உடம்பு தாங்கவில்லை” என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். ஏன் தாங்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள்; ஆண்கள் 88 நிமிடம். எட்டு மணி நேர வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் ஃபஜ்ருக்கு முன்பே அடுப்படி, இஷாவுக்குப் பின் பாத்திரம். தூக்கம் குறைகிறது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதை உண்பதால் சத்தும் குறைகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளதைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) காட்டுகிறது.

வெளியிலிருந்து சில உதவிகள் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பது சட்டம்; கேட்டுப் பெறுங்கள்.

மீதி நம் வீட்டில்தான் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் உதவினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். குடும்பச் செலவு கணவரின் கடமை. மனைவியின் சம்பாத்தியம் அவருக்கே உரியது. அவர் மனமுவந்து குடும்பத்துக்குத் தரும்போது, ஒரு மணி நேர வேலையையாவது நாம் பகிர்ந்துகொள்வோம். இன்றிரவே அவரையும் உடன் உட்காரவைத்துச் சாப்பிடுவோம்.