உள்ளூராட்சியில் இளையோர் அவை

வீட்டு வாயிலுக்கு மிக அண்மையில் நிற்கும் அரசு உள்ளூராட்சியே. வீதியும் வடிகாலும், தெருவிளக்கும் சந்தையும், பொது நூலகமும் விளையாட்டு மைதானமும், குப்பை அகற்றலும் அதன் பொறுப்புக்கள். இவற்றின் நன்மை தீமைகளைப் பாடசாலைப் பருவத்தினர் நாள்தோறும் நுகர்கின்றனர். எனினும் பதினெட்டு வயது நிரம்பாமையால் அவர்க்கு வாக்கில்லை. அவர் கருத்தைக் கேட்பாரும் அரியர். இக்குறையை நீக்க வல்லது இளையோர் அவை. அதனை அமைக்கும் முறையையும், அது பயன்றருதற்கு இன்றியமையாத ஒரு நிபந்தனையையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இளையோர் குரலைக் கேளாமையின் விலையை நம் நாடு நன்கறியும். 1971இலும், மீண்டும் 1987 முதல் 1989 வரையிலும் தெற்கிலே இளைஞர் கிளர்ச்சிகள் எழுந்தன. வடக்குக் கிழக்கில் நேர்ந்தவற்றைக் கூறவும் வேண்டுமோ? 1989இல் நியமிக்கப்பட்ட இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு மறு ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தது. அவ்வாண்டிலேயே உள்ளூராட்சி வேட்பாளருள் நூற்றுக்கு 40 பேர் 18 முதல் 35 வயதுக்குட்பட்டோராதல் வேண்டுமெனச் சட்டம் விதித்தது. 2012இல் அக்கட்டாயம் நீங்கிற்று. 2025ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு 25 என மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் இவையெல்லாம் வாக்குரிமை பெற்றோர்க்கே உரியன. பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் உண்டு. அதன் அதிகாரமோ பாடசாலை மதிலோடு முடிகின்றது.

பிற நாடுகள் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றுள்ளன. பிரான்சு நாட்டுச் சில்டிகைம் நகரம், சர்வதேசச் சிறுவர் ஆண்டாகிய 1979இல், சிறுவர் நகர மன்றமொன்றை நிறுவியது. கருநாடகத்து உடுப்பி மாவட்டத்தில், கேரடி என்னும் கிராமத்தில் 1990களில் சிறுவர் பஞ்சாயத்து தோன்றியது. சிறுவர் தம்மைப் பாதிக்கும் விடயங்களிற் கருத்துரைக்கும் உரிமையைச் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை 1991இல் அதனை ஏற்றுக்கொண்டது.

இனி, எமது இறக்காமத்தை எடுத்துக்கொள்வோம். இறக்காமம், வரிப்பத்தான்சேனை, மாணிக்கமடு முதலிய ஊர்களிலிருந்து, பதின்மூன்று முதல் பதினேழு வயதினரைப் பாடசாலை வழியாகவும் கிராம அலுவலர் பிரிவு வழியாகவும் தெரிவு செய்யலாம். பள்ளியை விட்டு வயலுக்கும் கடைக்கும் சென்றோரை மறத்தலாகாது. சரிபாதி பெண்பிள்ளைகளாதல் நன்று. முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்ந்து ஊர்க்காரியம் பேசுதல் தனியொரு நன்மையாகும். பதவிக்காலம் ஓராண்டு, கூட்டம் மூன்று மாதத்துக்கொருமுறை.

இதற்குப் புதுச்சட்டம் வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சபைக் குழுக்களிற் சேர்க்க இடமளிக்கின்றது. ஆதலின் இளையோர் அவையின் கருத்து, சுற்றாடற் குழு முதலியவற்றின் வாயிலாகச் சபையை அடையலாம். எம் மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிற் பிளாத்திக்கை உண்டு யானைகள் மடிந்த செய்தி 2022இல் உலகெங்கும் பரவியது. எந்த வீட்டில், எந்தக் கடையில் எவ்வகைக் கழிவு சேர்கின்றது எனக் கணக்கெடுத்துச் சபைக்கு அளிக்க இளையோரினும் ஏற்றவர் யாவர்?

நிற்க. நாம் முன்னர்க் குறித்த நிபந்தனை யாதெனின், விடை பெறும் உரிமையே. இளையோர் நிறைவேற்றிய ஒவ்வொரு தீர்மானத்துக்கும் சபை ஒரு மாதத்துள் எழுத்தில் விடையளித்தல் வேண்டும். இயலுமாயின் எப்போது இயலும்? இயலாதாயின் ஏன் இயலாது? காரணத்தோடு கூடிய மறுப்பும் ஒரு பாடமே. வரவு செலவின் வரையறையை அது கற்பிக்கும். மௌனமோ அவமதிப்பையே கற்பிக்கும். விடையில்லாத அவை, தவிசாளருக்கு மாலை சூட்டிப் படம் எடுக்கும் விழாவாக முடியும். கட்சிகளின் ஊர்வலத்துக்கு ஆள் திரட்டும் களமாகவும் அது மாறக்கூடும். எனவே வேட்பாளரும் கட்சி அமைப்பாளரும் அதன் பொறுப்பாளராதல் தகாது.

நம் கல்லூரிப் பழைய மாணவருள் உள்ளூராட்சி அலுவலரும், உறுப்பினரும், ஆசிரியரும் இருப்பின் அவர்க்கு ஒரு விண்ணப்பம்: தத்தம் ஊரில் இவ்வாறானதோர் அவையைத் தொடங்குங்கள், தொடங்குமுன் விடையளிக்கும் விதியை எழுதி வையுங்கள். பதினைந்து வயதிற் கேட்ட கேள்விக்கு நேர்மையான விடை பெற்றவன், பதினெட்டில் வாக்கின் பெறுமதியை அறிந்தவனாவான்.