டிசைன் ஸ்டூடியோவுல ஏன் யாரும் பாடம் நடத்துறதில்லை?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. அந்தத் தொழிலைப் பரம்பரையா எப்படிக் கத்துக்கிறாங்க? பெரியவர் பக்கத்துல உட்கார்ந்து, செதுக்கிச் செதுக்கித்தான். கை தப்புற இடத்துல அவர் உளியை வாங்கி ரெண்டு தட்டு தட்டிக் காட்டுவார்.

பி.ஆர்க் முதல் வருஷ டிசைன் ஸ்டூடியோவும் கிட்டத்தட்ட அப்படித்தான். வீடு வரையலாம்னு ஆசையா போனா, முதல்ல பேப்பரை மடி, கோடு போடுன்னு சொல்வாங்க. 1919-ல் ஜெர்மனியில ஆரம்பிச்ச பாவ்ஹவுஸ் பள்ளியோட அடிப்படை வகுப்பு விட்டுட்டுப் போன பழக்கம் இது.

அப்புறம்தான் உண்மையான குழப்பம். டொனால்ட் ஷோன் 1983-ல் எழுதின ‘தி ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஷனர்’ புத்தகத்துல ஒரு ஸ்டூடியோ உரையாடல் வரும். பெட்ராங்கிற மாணவி ஒரு ஆரம்பப் பள்ளி டிசைன் பண்றாங்க. கல்வராயன் மலை மாதிரி சரிவான நிலம்னு வெச்சுக்கோங்க. கட்டடம் சரிவுல உட்காரவே மாட்டேங்குது. ஆசிரியர் குவிஸ்ட் அவங்க வரைபடம் மேல டிரேசிங் பேப்பரைப் போட்டு, பேசிக்கிட்டே வரையறார். முதல்ல ஏதாவது ஒரு ஒழுங்கை நிலத்து மேல வை, தேவைப்பட்டா பிறகு உடைச்சுக்கலாம்ங்கிறது அவர் சொல்ற வழி.

கவனிங்க, பெட்ரா முதல்ல தப்பா வரைஞ்சதாலதான் அவரால சொல்லித்தர முடிஞ்சது. தெரியாத வேலையைச் செஞ்சாத்தான் பாடமே ஆரம்பிக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் சரியான விடைக்கு மட்டும் மார்க் வாங்கின ஒருத்தருக்கு இது பயங்கரமா இருக்கும். வெள்ளிமலையிலிருந்து தமிழ் வழியில படிச்சு, சென்னைக்கு வந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம்.

அதுலயும் ஜூரின்னு ஒண்ணு இருக்கு. ராத்திரி முழுக்க முழிச்சு வரைஞ்சதைச் சுவத்துல மாட்டி, எல்லார் முன்னாடியும் ஆங்கிலத்துல விளக்கணும். எங்க ஊர் கோட் ரிவ்யூவுல, எந்த வரி தப்புன்னாவது எழுதுவாங்க. ஜூரியில “இது வொர்க் ஆகல”ன்னு மட்டும் வந்தா, அதை “நீ லாயக்கில்ல”ன்னு எடுத்துக்கிட்டு ஒரு பிள்ளை படிப்பையே விட்டுடலாம். ஜூரிக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லைங்கிறது என் கருத்து. படிப்பு நடக்கிறது மேஜையில, அந்த டிரேசிங் பேப்பர்லதான்.

முதல் வருஷத்துல இருக்கீங்களா? ஆசிரியர் வரும்போது வெறும் ஐடியாவைச் சொல்லாதீங்க. மட்டமா இருந்தாலும் ஒரு வரைபடத்தை நீட்டுங்க. “எந்த இடத்துல சார் ஒத்துவரல, கொஞ்சம் வரைஞ்சு காட்டுங்க”ன்னு கேளுங்க. தமிழ்லயே கேளுங்க.