சரிசெய்த பிறகும் திரும்பி வரும் பழுது

லேப்டாப் திரையில் முதலில் மெல்லிய கோடுகள் ஓடும். சில நாளில் கோடுகள் கட்டங்களாக மாறும். பிறகு ஒரு காலையில் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்றித் தந்துவிடுவார்கள். சில மாதம் நன்றாக ஓடும். அப்புறம் அதே கோடுகள், அதே கறுப்பு.

2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் லேப்டாப் வாங்கிய ஏராளமானோர் இதை அனுபவித்தார்கள். ஒரே கம்பெனியின் லேப்டாப் என்றால் அந்தக் கம்பெனியைச் சொல்லலாம். ஆனால் டெல், எச்பி, ஆப்பிள் என்று எல்லாப் பெயரிலும் இது வந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே இருந்தது என்விடியா கம்பெனியின் கிராஃபிக்ஸ் சிப். 2008 ஜூலை 2 அன்று என்விடியாவே அறிவித்தது: தன் பழைய தலைமுறைச் சிப்புகள் சிலவற்றில் சிப்பையும் அதன் உறையையும் சேர்க்கும் பொருள்கள் பலவீனமானவை, பழுதுச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்று. பின்னால் அந்தத் தொகை இன்னும் ஏறியது. இத்தனை பணத்தையும் விழுங்கிய பழுது, தலைமுடியின் பருமன்கூட இல்லாத விரிசல்களில் இருந்தது.

அது எங்கே இருந்தது என்று பார்க்க, சிப்புக்கு அடியில் போக வேண்டும்.

அந்தக் காலத்து 8600எம் ஜிடி என்ற கிராஃபிக்ஸ் சிப் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் பக்கம் கொண்ட ஒரு சிலிக்கன் சதுரம். நம் சுண்டுவிரல் நகத்தை விடச் சற்றே பெரியது. அதற்குள் 28.9 கோடி டிரான்சிஸ்டர்கள். இவ்வளவையும் செதுக்கி முடித்தாலும் வேலை பாதிதான். இந்தச் சதுரத்துக்கு மின்சாரம் போக வேண்டும், அது கணக்கிட்டது வெளியே வர வேண்டும். சுற்று ஓரங்களில் மட்டும் கம்பி இழுத்தால் இடம் போதாது. அதனால் சிப்பைக் குப்புறக் கவிழ்த்து, அதன் முகம் முழுவதும் பற்றாசுத் துளிகளை வைத்து ஒட்டுகிறார்கள். பற்றாசு என்பது ரேடியோ கடைகளில் சால்டர் என்று சொல்வதுதான். 1960களில் ஐபிஎம் கண்ட வழி இது. அரும்பு அரும்பாக நிற்கும் இந்தத் துளிகளை மொட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மொட்டின் உயரம் சுமார் 80 முதல் 100 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமன். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மொட்டுகள் சிப்பை நேராக மதர்போர்டில் ஒட்டுவதில்லை. இடையில் பிசினும் செம்பும் அடுக்கிய ஒரு சின்னப் பலகை உண்டு. தாங்குதட்டு எனலாம். சிப் தாங்குதட்டில் உட்காருகிறது. தாங்குதட்டின் அடியில் இன்னும் பெரிய பற்றாசுக் குண்டுகள், கண்ணால் பார்க்கக்கூடிய அளவில். அந்தக் குண்டுகள்தான் மதர்போர்டில் அமர்கின்றன. ஆக இரண்டு மாடி: மேலே மொட்டுகள், கீழே குண்டுகள். இந்த இரண்டு மாடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்பவர்களையே ஏமாற்றிய இடம் இது.

இப்போது லேப்டாப்பை ஆன் செய்வோம். அறை வெப்பத்தில் இருந்த சிப் கொஞ்ச நேரத்தில் 85 டிகிரியைத் தொடுகிறது. சூடேறினால் எல்லாம் விரியும், ஆனால் ஒரே அளவில் விரியாது. ஒரு மீட்டர் நீளச் சிலிக்கன், ஒரு டிகிரி சூட்டுக்கு 2.6 மைக்ரான்தான் விரியும். தாங்குதட்டோ 16, 17 மைக்ரான் விரியும். மேலே ஒட்டியிருப்பது ஏறக்குறைய நகராமல் இருக்க, கீழே ஒட்டியிருப்பது வெளிப்பக்கமாக நகர்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிப்பின் நடுவிலிருந்து மூலைக்குத் தூரம் சுமார் 9 மில்லிமீட்டர். சூடு 60 டிகிரி கூடினால் மூலையில் இருக்கும் மொட்டின் தலைக்கும் காலுக்கும் நடுவே 7, 8 மைக்ரான் இழுவை. மொட்டின் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு! ஆஃப் செய்தால் எல்லாம் பழைய இடத்துக்கு வரும். மறுநாள் ஆன் செய்தால் மறுபடியும் இழுவை.

பற்றாசு இதைத் தாங்குமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. ஒரு உலோகம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை வெறும் டிகிரியில் பார்த்தால் போதாது, அது உருகும் நிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த பழைய பற்றாசு 183 டிகிரியில் உருகும். வெப்பத்தின் அடிமட்டமான மைனஸ் 273 டிகிரியிலிருந்து அளந்தால், 25 டிகிரி அறையில் சும்மா இருக்கும்போதே அது தன் உருகுநிலையில் 65 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. இரும்பு அதே நிலைக்கு வர வேண்டுமானால் 900 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். கொல்லன் உலையிலிருந்து செக்கச் செவேலென்று எடுத்து, சம்மட்டிக்கு வளையும் இரும்பு. நம் மேஜைமேல் குளிர்ந்து கிடக்கும் பற்றாசு அந்த நிலையில்தான் எப்போதும் இருக்கிறது. ஈயம் மிகுந்த சில மொட்டுகள் 300 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனாலும் சிப் வேலை செய்யும் சூட்டில் அவையும் தங்கள் உருகுநிலையில் பாதியைக் கடந்துவிடும். அதனால்தான் பற்றாசு ஒவ்வொரு இழுவைக்கும் கொஞ்சம் நெளிகிறது. நெளிந்து நெளிந்து சோர்கிறது. சோர்ந்த இடத்தில் விரிசல் விழுகிறது.

சோர்வுக்கும் சூத்திரம் உண்டு. 1950களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் காஃபின் என்பவரும், நாசாவின் முன்னோடி அமைப்பில் மேன்சன் என்பவரும் தனித்தனியே கண்டது. தோராயமாகச் சொன்னால், ஒவ்வொரு சுற்றிலும் உலோகம் நெளியும் அளவை இரட்டிப்பாக்கினால் அதன் ஆயுள் நான்கில் ஒன்றாகக் குறையும். உலோகச் சோர்வை ஆராயும்போது பிறந்த சூத்திரம் இன்று மடியில் வைக்கும் கணினியின் ஆயுளைச் சொல்கிறது. மூலை மொட்டுகளுக்குத்தான் இழுவை அதிகம் என்பதால், கெட்டிக்கார வடிவமைப்பாளர்கள் அங்கே முக்கியமான தகவல் பாதைகளை வைப்பதில்லை. பல மொட்டுகள் பகிர்ந்துகொள்ளும் மின்சார, எர்த் இணைப்புகளை அங்கே வைப்பார்கள். ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்.

அப்படியானால் எல்லாச் சிப்பும் சில மாதத்திலேயே சாக வேண்டுமே, ஏன் சாகவில்லை? மொட்டுகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் ஒரு பிசினைப் பாய்ச்சுகிறார்கள். அடிநிரப்பி என்று பெயர் வைப்போம். எபாக்சி பசையில் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் கலந்தது. சிப்பின் ஓரத்தில் ஒரு கோடாக ஊற்றினால் போதும், யாரும் தள்ளாமல் தானாகவே முடியளவு இடுக்கில் ஊர்ந்து எல்லா மொட்டுகளையும் சூழ்ந்துகொள்ளும். பிறகு சூடாக்கினால் கெட்டியாகும். இப்போது சிப்பும் தாங்குதட்டும் ஒன்றோடொன்று இழுபறி செய்ய முடியாது, இரண்டும் சேர்ந்தே லேசாக வளையும். மொட்டின்மேல் விழும் பாரத்தில் பெரும்பகுதியைப் பிசின் வாங்கிக்கொள்கிறது. உலகத்துக் கணினிகள் ஆண்டுக்கணக்கில் ஓடுவது யார் கண்ணிலும் படாத இந்தப் பசையால்தான் என்றால் அது மிகையில்லை.

ஆனால் பிசினுக்கு ஓர் எல்லைச் சூடு உண்டு. அதற்குக் கீழே கண்ணாடிபோல் விறைப்பாக இருப்பது, அதைத் தாண்டினால் ரப்பர்போல் தளர்ந்துவிடும். தளர்வது மட்டுமில்லாமல், முன்னைவிட மூன்று மடங்கு போல வேகமாக விரியவும் தொடங்கும். காப்பதற்காக வைத்த பிசினே மொட்டுகளை இழுக்க ஆரம்பித்தால்? என்விடியா பழுதைப் பற்றிக் கணினிப் பத்திரிகைகளில் வந்த அலசல்கள் சுட்டியது இதைத்தான்: அந்த அடிநிரப்பியின் எல்லைச் சூடு, சிப் அன்றாடம் தொடும் சூட்டுக்குப் போதுமான அளவு மேலே இல்லை. பாதுகாவலன் தினமும் சில மணி நேரம் கையை விட்டுவிட்டான்.

கம்பெனிகள் முதலில் கொடுத்த மருந்தைப் பாருங்கள். எச்பி தன் பெவிலியன் டிவி2000, டிவி6000, டிவி9000 வரிசைகளுக்கும், டெல் தன் லேப்டாப்புகள் பலவற்றுக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அதில் மாறியது விசிறி சுற்றும் விதம். முன்பு சிப் நன்றாகச் சூடானபின்தான் விசிறி எழும், ஆறியதும் நிற்கும். இனி அதிக நேரம் சுற்றும். சிப்பின் சூடு ஏறி இறங்கும் வீச்சு குறைந்தால் ஒவ்வொரு சுற்றின் நெளிவும் குறையும், காஃபினும் மேன்சனும் சொன்னபடி ஆயுள் நீளும். புத்திசாலித்தனமான தற்காப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஏற்கெனவே விழுந்த விரிசலை அது மூடாது. அதே காலத்தில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிகளும் சிவப்பு வளையம் காட்டிச் செத்தன. 2007 ஜூலையில் வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். அங்கேயும் ஆன் ஆஃப் சூட்டால் சிப்புக்கு உள்ளிருக்கும் இணைப்புகள் விட்டுப்போனதே காரணம் என்று பின்னாளில் அந்தக் கம்பெனியே சொன்னது.

சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் ஏன் பல சமயம் "ஒன்றும் கோளாறில்லை" என்று திருப்பித் தருகிறார்கள்? அவர்கள் பொய் சொல்வதாக எண்ண வேண்டாம். விரிசல் விழுந்த மொட்டின் இரு பாதிகளும் ஆறியிருக்கும்போது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அரை மணி நேரம் சூடேறி, தட்டு விரிந்து, இடைவெளி திறந்தால்தான் கோளாறு தெரியும். மேஜையில் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் கோளாறு வரும்போது போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஆன் செய்து எத்தனை நிமிடத்தில் வந்தது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதிக் கொடுங்கள். பொறியாளருக்கு இதைவிட உதவியான தகவல் வேறில்லை.

மாற்றிய மதர்போர்டும் ஏன் சாகிறது? மாற்றுப் பலகை பெரும்பாலும் புதிதல்ல. வேறொருவரின் லேப்டாப்பிலிருந்து கழற்றி, பட்டறையில் சரிசெய்து, சோதித்து, மறுபடி கிடங்கில் வைத்தது. புதிதாகவே இருந்தாலும் அதே வடிவம், அதே சிப், அதே அடிநிரப்பி. ஒரே வகைப் பழுது இரண்டாம் முறை வந்தால் உங்கள் ராசியைச் சந்தேகிக்க வேண்டாம், வடிவமைப்பைச் சந்தேகியுங்கள்.

இனி அந்த இரண்டு மாடிக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதும், குண்டுகளுக்கு வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த புதிய பற்றாசு வந்தது. உருகுநிலை 217 டிகிரிக்கு மேல். பலரும் பழியை அதன்மேல் போட்டார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்கள் சிப்பைச் சூடாக்கிக் கழற்றி, பழைய குண்டுகளைச் சுரண்டி எடுத்து, புதுக் குண்டுகளை ஒவ்வொன்றாக அச்சில் நிறுத்தி மறுபடி பதிப்பார்கள். ரீபாலிங் என்று பெயர். நூற்றுக்கணக்கான குண்டுகள், ஒன்று சாய்ந்தாலும் வீண். கைநேர்த்தி மிகுந்த வேலை அது. சில லேப்டாப்புகள் உயிர்த்தெழவும் செய்தன. ஆனால் அவர்கள் மாற்றியது கீழ்மாடியை. விரிசல் இருந்தது மேல்மாடியில், சிப்புக்கும் தாங்குதட்டுக்கும் நடுவில், எந்தச் சாமணமும் எட்டாத இடத்தில். ஈயக் கட்டுப்பாட்டில் இருந்த ஒரு விதிவிலக்கால் அந்த மொட்டுகளில் ஈயம் இருக்க அனுமதியும் இருந்தது. ரீபாலிங் செய்யும் சூட்டில் பிசின் தளர்ந்து, விரிசலின் இரு பக்கமும் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. மதர்போர்டை வீட்டு ஓவனில் வைத்துச் சுட்டவர்களுக்கும் இதே தற்காலிக வெற்றிதான் கிடைத்தது. அதைச் செய்யாதீர்கள், உணவு சமைக்கும் இடத்தில் பற்றாசுப் புகையும் பிளாஸ்டிக் புகையும் கூடாது. உண்மையான மருந்து, நல்ல அடிநிரப்பி போட்டுப் புதிதாகச் செய்த சிப்பைப் பதிப்பது ஒன்றுதான்.

வாரண்டியின் கணக்கும் இங்கே சுவையாகிறது. பொருள்கள் பழுதாகும் வேகத்தை வரைந்தால் தொடக்கத்தில் உயரமாக இருந்து, இறங்கி, நெடுநாள் தட்டையாகப் போய், கடைசியில் மறுபடி ஏறும். குளியல் தொட்டியின் குறுக்குவெட்டு போலிருப்பதால் பொறியாளர்கள் அப்படியே பெயர் வைத்தார்கள். தொடக்க உயரம், தயாரிப்பில் தவறியவை. கடைசி உயரம், தேய்ந்தவை. ஓராண்டு வாரண்டி முதல் உயரத்தைத் தாங்கும். உலோகச் சோர்வோ இரண்டாம் உயரத்தின் ஆள், சாதாரணமாக வாரண்டி முடிந்தபின் வர வேண்டியது. பலவீனமான அடிநிரப்பி அந்த இரண்டாம் உயரத்தை இழுத்துக்கொண்டு வந்து ஓராண்டுக்கும் மூன்றாண்டுக்கும் நடுவில் வைத்துவிட்டது. வாங்கியவருக்கு இதைவிட அநியாயமான நேரம் கிடையாது. டெல் 2008இல் வாரண்டியை 12 மாதம் நீட்டியது. ஆப்பிள் 2008 அக்டோபரில், வாங்கிய நாளிலிருந்து இரண்டாண்டு வரை இலவசமாகச் சரிசெய்வதாகச் சொல்லி, பிறகு அதை நான்காண்டாக்கியது.

சிப்புகள் திருந்தின. வேறு பாகங்களில் இதே கதை தொடர்ந்தது. 2015இல் ஆப்பிள் தன் மேக்புக்கில் கொண்டுவந்த மெல்லிய கீபோர்டில் ஒரு தூசி போதும், எழுத்து இரட்டிக்கும் அல்லது விழாது. மாற்றிக் கொடுத்ததும் அதே வகைக் கீபோர்டு. 2018இல் பொத்தான்களுக்கு அடியில் சிலிகோன் படலம் போட்டார்கள், வாங்கியதிலிருந்து நான்காண்டு இலவசச் சேவையும் அறிவித்தார்கள். 2019இல் பழைய கத்தரிக்கோல் வகை இயக்கத்துக்கே திரும்பினார்கள். எந்தப் பழுதானாலும் ஜாப் ஷீட்டைப் பத்திரப்படுத்துங்கள், மாற்றிய பாகத்தின் பெயரை அதில் எழுதி வாங்குங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கீபோர்டுக்காக ஆப்பிள்மேல் போட்ட வழக்கு முடிந்த விதம். 2022இல் ஆப்பிள் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு அதைப் பங்கிட வைத்த அளவுகோல், எந்தப் பாகத்தை, எத்தனை முறை மாற்ற வேண்டி வந்தது என்பதே: பொத்தான் மட்டும் மாற்றியவருக்கு 50 டாலர் வரை, கீபோர்டுப் பகுதி முழுவதையும் ஒருமுறை மாற்றியவருக்கு 125 வரை, இரண்டு முறையோ அதற்கு மேலோ மாற்றியவருக்கு 395 டாலர் வரை.