வீட்டிலேயே செய்யலாம் ஜமைக்கா பற்றீஸ்



வருமான வரி தொடர்பான கேள்வி பதில் நிகழ்ச்சி ஒன்றிலே ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் வந்தார். வரிக் கேள்வி முடிந்தபின், "தம்பி, இன்னொரு விசயம்" என்று தொடங்கினார். அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் பள்ளிக்கூடம் முடிந்து வரும் வழியில் ஜமைக்கா பற்றீஸ் வாங்குகிறார்களாம். வீட்டுக்குள் மாட்டிறைச்சி கொண்டுவருவதில்லை என்பதால், வாசலில் நின்று தின்று முடித்து, தாளையும் வெளியே போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்களாம். "குளிருக்குள்ள நிண்டு தின்னுதுகள் தம்பி. அதை வீட்டில ஆட்டிறைச்சி போட்டுச் செய்ய ஏலாதோ?" என்று கேட்டார். நிகழ்ச்சி முடிய ஒரு நிமிடமே இருந்தது. "ஏலும் அம்மா, எங்கட செய்தி மடலில எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டேன். கணக்காளன் ஒருவன் சமையல் எழுதுவதா என்று நிலையத்தில் கேலி செய்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமல்லவா?

ஜமைக்கர்கள் இதை ஒருமையில் 'பற்றி' என்பார்கள். 'பற்றியைப் பற்றி' என்று எழுதினால் வாசிப்பவர் குழம்புவார் என்பதால், நமக்குப் பழகிய பற்றீஸ் என்ற சொல்லையே இங்கே பாவிக்கிறேன். ஆனால் நம் ஊர்ப் பற்றீஸ் வேறு, இது வேறு. நம்முடையது சிறியது, எண்ணெயில் பொரிப்பது. ஜமைக்காப் பற்றீஸ் உள்ளங்கையை மறைக்கும் அளவு பெரியது. ஓவனில் சுடுவது. மேல் மா மஞ்சள் நிறம், கடித்தால் பொருபொருவென்று தாள் தாளாக உதிரும். உள்ளே இறைச்சி நம் றோல்ஸ் போல உலர்ந்து இராது, களி போலக் குழைவாக இருக்கும்.

ரொறன்ரோவில் இந்தப் பண்டத்துக்கு ஒரு வழக்கே நடந்தது போன்ற வரலாறு உண்டு. 1985ஆம் ஆண்டு மத்திய அரசின் அதிகாரிகள் கடைகளுக்கு வந்து, 'பீஃப் பற்றி' என்ற பெயரில் இதை விற்கக்கூடாது என்றார்கள். சட்டப்படி அந்தப் பெயர் ஹம்பர்கருக்குள் வைக்கும் இறைச்சித் தட்டைக்கே உரியது, அதற்கு மாவினால் உறை கிடையாது என்பது அவர்கள் வாதம். கடைக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டு, இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, 'ஜமைக்கன் பற்றி' என்று எழுதலாம் என்று முடிந்தது. 1983 கலவரத்துக்குப் பின் நம்மவர்கள் இந்த நகரத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே காலம் அது. நமக்கு முன்னே வந்தவர்கள் தங்கள் உணவின் பெயருக்காக நின்று பிடித்திருக்கிறார்கள்.

நான் இதை முதன்முதலில் ருசித்தது 1996 மாரிகாலத்தில். வணிகமாணிப் பட்டச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்தேன். கூட வேலை செய்த ஜமைக்காப் பெண்மணி ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், வோர்டன் சுரங்க ரயில் நிலையத்தில் வாங்கிய பற்றீஸில் ஒன்றை இரவு இடைவேளையில் எனக்கு நீட்டினார். பசி. பாதிக்குமேல் தின்றபிறகுதான் என்ன இறைச்சி என்று கேட்டேன். மாடு என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் தன் வீட்டில் ஆட்டிறைச்சி வைத்துச் செய்த நான்கு பற்றீஸ் கொண்டுவந்தார். "எங்கள் ஊரிலும் உங்களைப்போல ஆட்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும்" என்றார். செய்முறையையும் அவரிடம்தான் கேட்டேன்.

அவர் சொன்ன 'உங்களைப்போல ஆட்கள்' யார் என்று பல ஆண்டுகளுக்குப் பின்புதான் எனக்கு விளங்கியது. பிரித்தானியப் பேரரசில் 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து, 1838இல் அடிமைகள் முழு விடுதலை பெற்றபின், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். 1845இல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் ஜமைக்காவில் இறக்கப்பட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை 36,000க்கும் அதிகமானோர் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்தால் ஏறிய வட இந்தியர்கள், சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்கு நம் மலையகத்தவரின் மூதாதையர் நடந்து போனதும் இதே காலம்தான். ஆக, ஆங்கிலேயர் கொண்டுபோன கோர்ண்வால் பிரதேசத்துப் 'பாஸ்டி'யின் உறைக்குள், கூலியாகப் போனவர்களின் மஞ்சளும் கறித்தூளும், அந்த மண்ணிலேயே விளையும் ஓல்ஸ்பைஸும், ஸ்கொட்ச் பொனட் மிளகாயும் சேர்ந்ததுதான் இந்தப் பற்றீஸ்.

இனிச் செய்முறைக்கு வருவோம். இந்த அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு வரும்.

முதலில் உள்ளீடு, ஏனென்றால் அது நன்றாக ஆறவேண்டும். அரை கிலோ ஆட்டிறைச்சியை (தொடை அல்லது தோள்பட்டை) இறைச்சிக் கடையில் இரண்டு தடவை அரைத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு வெங்காயம், நான்கு வெங்காயத்தாள், நான்கு பல்லு உள்ளி எல்லாவற்றையும் பொடியாக அரிந்து இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்குங்கள். ஸ்கொட்ச் பொனட் மிளகாய் ஒன்று விதை நீக்கிப் போடலாம். சிறு பிள்ளைகள் இருந்தால் கால்வாசி போதும். இலங்கையின் 'நை மிரிஸ்' சாப்பிட்டவர்களுக்கு இதன் வாசமும் உறைப்பும் பழக்கமாக இருக்கும், இரண்டும் ஒரே இனம். அரிந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நான் ஒருமுறை கழுவாமல் கண்ணைத் தொட்டுவிட்டு, வரிப் பத்திரங்களை அன்று பார்க்க முடியாமல் இருந்திருக்கிறேன்.

இறைச்சியைச் சட்டியில் போடுமுன் அரைக் கோப்பை குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து கரைத்துக்கொள்ளுங்கள். அப்படியே சூட்டில் போட்டால் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கரைத்துப் போட்டால் மணல் போலப் பிரிந்து வேகும். பிறகு ஒரு மேசைக்கரண்டி கறித்தூள், ஒரு தேக்கரண்டி ஓல்ஸ்பைஸ் தூள், ஒன்றரைத் தேக்கரண்டி உலர்ந்த தைம் இலை, அரைத் தேக்கரண்டி மிளகுதூள், ஒரு தேக்கரண்டி உப்பு.

கறித்தூள் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. நமது யாழ்ப்பாணத்து வறுத்த தூளைப் போடவேண்டாம். அது கறுப்பாக, காரமாக, எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பிறகு அது வேறு வடிவத்தில் வந்த ஆட்டிறைச்சிப் பிரட்டல்தான். ஜமைக்காக் கறித்தூள் வறுக்காதது, மஞ்சள் கூடியது. கிடைக்காவிட்டால் இரண்டு பங்கு மஞ்சள், இரண்டு பங்கு கொத்தமல்லி, ஒரு பங்கு சீரகம், ஒரு சிட்டிகை வெந்தயம் வறுக்காமல் அரைத்துச் சேருங்கள். ஓல்ஸ்பைஸுக்குப் பதில் கறுவா, கராம்பு, சாதிக்காய் மூன்றையும் கலந்து போடலாம் என்பார்கள். போடலாம்தான், ஆனால் வாசம் அது அல்ல. நாலு வாசமும் ஒரு மணியில் இருக்கும் அந்தச் சரக்கு எந்தக் கரிபியன் கடையிலும் கிடைக்கும்.

இன்னும் ஒரு கோப்பை தண்ணீர் விட்டு, மூடி, சிறு நெருப்பில் 40 நிமிடம் விடுங்கள். கோழியென்றால் 20 நிமிடம் காணும். இறைச்சி பஞ்சுபோல வெந்து, கரண்டியளவு குழம்பு மிஞ்சி நிற்கும்போது அரைக் கோப்பை பாண்தூளைத் தூவிக் கிளறுங்கள். பாண்தூள் நீரையும் கொழுப்பையும் உறிஞ்சிக்கொண்டு அந்தக் களிப் பதத்தைக் கொடுக்கும். அகலமான தட்டத்தில் பரப்பி ஆறவிட்டு, பிறகு பிறிட்ஜில் வையுங்கள்.

அடுத்தது மா. இங்கேதான் நம் கைப்பழக்கம் நமக்கே எதிரி. 400 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி கறித்தூள், 200 கிராம் குளிர்ந்த கொழுப்பு. ஜமைக்காவில் மரபாகப் போடுவது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு. அது பட்டரைவிடக் கூடிய சூட்டில் உருகுவதால் மாவின் படைகள் முதலில் இறுகி, கொழுப்பு பிறகு கரையும், உதிர்வும் நன்றாக வரும். நம் தேவைக்கு 100 கிராம் பட்டரும் 100 கிராம் கெட்டியான தாவரக் கொழுப்பும் போதும். கடையில் கோழிப் பற்றீஸ், மரக்கறிப் பற்றீஸ் என்று வாங்கினாலும் மேல் மாவில் மாட்டுக் கொழுப்பு இருக்கலாம். பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கள், அல்லது கேளுங்கள். இறைச்சியை மட்டும் விசாரித்துவிட்டு உறையை மறந்தவர்கள் நம்மில் பலர்.

பட்டரையும் கொழுப்பையும் பிறீசரில் அரை மணி நேரம் வைத்து, கரட் துருவும் தகட்டில் மாவுக்குள் துருவி, விரல் நுனியால் உதிர்த்து விடுங்கள். பயறளவு துண்டுகள் தெரியவேண்டும். ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்த ஐஸ் தண்ணீர் 150 மில்லிலீற்றர் அளவில் தெளித்துத் தெளித்துச் சேர்த்து, மா ஒன்றுசேர்ந்தவுடன் நிறுத்துங்கள். குழைக்காதீர்கள். நான் முதல்முறை றொட்டிக்குக் குழைப்பதுபோலப் பத்து நிமிடம் குழைத்தேன். சுட்டு எடுத்தபோது பலகை. குழைக்கக் குழைக்க மாவிலுள்ள பசைச்சத்து இழுபட்டு இறுகும், கொழுப்பும் கைச்சூட்டில் கரைந்து மாவோடு கலந்துவிடும். கொழுப்புத் துண்டு துண்டாகத் தனித்து இருந்தால்தான், ஓவன் சூட்டில் அது உருக, மாவிலுள்ள நீர் ஆவியாகி அந்த இடைவெளியைத் தள்ளிப் படையாகப் பிரிக்கும்.

மாவை நீள்சதுரமாக உருட்டி, கடிதம் மடிப்பதுபோல மூன்றாக மடித்து, திருப்பி, மறுபடி உருட்டி மடியுங்கள். இரண்டு முறை போதும். சுற்றி ஒரு மணி நேரம் பிறிட்ஜில் வையுங்கள். பிறகு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி, 15 சென்ரிமீற்றர் அகலச் சோசரை வைத்து வட்டமாக வெட்டி, ஒரு பாதியில் மூன்று மேசைக்கரண்டி உள்ளீடு வைத்து, ஓரத்தில் தண்ணீர் தடவி மடித்து, முள்ளுக்கரண்டியால் அழுத்துங்கள். மேலே ஆவி போக ஒரு துளை. உள்ளீடு குளிர்ந்திருக்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம். என் இரண்டாவது தோல்வி அது. அவசரத்தில் சுடச்சுட வைத்தேன். கொழுப்பு உருகித் தட்டத்தில் ஓடி, பற்றீஸ் தன் எண்ணெயிலேயே பொரிந்து கிடந்தது. மூடிய பற்றீஸை இன்னும் இருபது நிமிடம் குளிரில் வைத்து, நன்றாகச் சூடேறிய ஓவனில் 200 பாகை செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள்.

கணக்குப் பார்க்காமல் விடமுடியாது என்பதால் சொல்கிறேன். என் நேரத்துக்கு ஒரு சதமும் போடாமல் பார்த்தாலும், ஆட்டிறைச்சி விற்கும் விலைக்கு, பெட்டியில் உறைந்து வருவதைவிட இது மலிவு இல்லை. கோழித் தொடை இறைச்சியில் செய்தால் ஓரளவு கட்டுப்படியாகும். வேலைக்குப் போகும் பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரு மடங்கு செய்து, சுடாமலே தட்டத்தில் உறையவைத்து, பையில் போட்டு வைக்கலாம். உறைந்தபடியே 190 பாகையில் 40 நிமிடம் சுடலாம். மைக்ரோவேவில் மட்டும் சூடாக்காதீர்கள், பட்ட பாடெல்லாம் சவசவத்துப் போய்விடும். பிள்ளைகள் கோக்கோ பிரெட் என்னும் மெதுபாணுக்குள் இதை வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவுக்குள் மா என்று எனக்கு அது பிடிபடவில்லை. என் மகனுக்கு அதுதான் முழுச் சாப்பாடு.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு இன்னொன்று. நீங்கள் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டீர்கள் என்றால், கோவாவும் கரட்டும் அவித்த பருப்பும் இதே சரக்கில் வதக்கி, நீரில்லாமல் வற்றவைத்து, நாலைந்தை வேறாகச் செய்யுங்கள். முதலில் அவற்றை மூடிவிட்டு, பிறகு இறைச்சியைத் தொடுங்கள். சுடுவதும் வேறு தட்டத்தில். சுட்டபின் எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம், அடையாளம் தெரியாது. ஆகவே இறைச்சிக்கு ஒரு துளை, மரக்கறிக்கு இரண்டு துளை என்று வையுங்கள். வட்டம் வெட்டுவதையும் முள்ளுக்கரண்டியால் ஓரம் அழுத்துவதையும் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள்.